அப்பா ஸ்குவாடில் சேரலாமா?

கேள்வி:

மேடம், வணக்கம். நான் ஷார்ஜாவில் 11 வருடமாக ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கிறேன். ஊர் அறந்தாங்கி பக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. மகன் எட்டாம் வகுப்பு, 13 வயது. மகளும் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு.

மகன் என்னோடு பேசுவதே இல்லை. போட்டிம் ஆப்பில் கூப்பிட்டால் "ம்", "சாப்டேன்", "படிக்கிறேன்", "அம்மாட்ட குடுக்கவா?" அவ்வளவுதான். ஆனால் போனில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது கூட்டாளிகளோடு வாய் ஓயாமல் பேசுகிறான் என்று அவன் அம்மா சொல்கிறாள். மைன்கிராஃப்ட் என்று இன்னொன்றும் ஆடுகிறான். கட்டம் கட்டமாக ஏதோ வீடு கட்டுவது போல இருக்கும்.

போன லீவில் வந்தபோது நானும் ஃப்ரீ ஃபயர் இறக்கி, "என்னையும் டீம்ல சேத்துக்கடா" என்றேன். சேர்த்தான். அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். எனக்கு ஓடவே தெரியவில்லை, உடனே செத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கில் விளையாட்டாக, "இதெல்லாம் நல்லா ஆடுற, கணக்குல எவ்வளவுடா மார்க்கு?" என்று கேட்டுவிட்டேன். அதோடு என்னை டீமை விட்டு எடுத்துவிட்டான். நான் ஃப்ளைட் ஏறும் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது ரூமில் நான் தனியாக மைன்கிராஃப்ட் பழகிக்கொண்டிருக்கிறேன். ரூமில் ஆறு பேர். 41 வயதில் கேம் ஆடுகிறான் என்று கேலி. வீட்டில் சொன்னால் மனைவி, "நான் நாள் பூரா போனைப் புடுங்கி வைக்கிறேன், நீங்க அங்கேருந்து சேந்து ஆடப் போறீங்களா?" என்று அழுகிறாள். என் அம்மா, "தகப்பனே புள்ளயக் கெடுக்குறான்" என்கிறது. நான் அவனோடு ஆடலாமா? ஆடினால் அவன் இன்னும் அடிமையாகிவிடுவானா?

பெயர் வேண்டாம், ஷார்ஜா.

பதில்:

அன்புள்ள ஷார்ஜா வாசகருக்கு,

ஆடலாம். தாராளமாக ஆடலாம். ஆனால் எந்த ஆட்டம், யார் முன்னால், வீட்டில் யாரைக் கேட்டுக்கொண்டு என்பதையெல்லாம் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவியின் அழுகைக்கும் வருகிறேன். அவர் அழுவதில் நியாயம் இருக்கிறது.

முதலில் அந்த மைக் சமாசாரம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊரில் ஒரு பாலக்கட்டை இருக்கும். சாயங்காலமானால் பையன்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கமாக அப்பா சைக்கிளில் வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்பா இறங்கிவந்து, கட்டையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் "கணக்குல எவ்வளவுடா மார்க்கு?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் மகனுக்கு அந்த ஸ்குவாட், அதாவது அந்த கேம் டீம்தான் பாலக்கட்டை. நீங்கள் விளையாட்டாகத்தான் கேட்டீர்கள், சந்தேகமே இல்லை. அவன் கூட்டாளிகள் மறுநாள் பள்ளியில் அதையே அவனிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவன் உங்களை வெளியே எடுத்தது கோபத்தில் என்பதைவிட வெட்கத்தில் என்றுதான் நான் சொல்வேன்.

ஒன்று கவனித்தீர்களா? நீங்கள் கேட்டதும் அவன் உங்களை டீமில் சேர்த்துக்கொண்டான். அந்த வயதில் அது பெரிய விஷயம். ஆலோசனைக்கு என் அறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அன்னிக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மார்க்கைக் கேட்டது தப்புடா தம்பி. இனிமே கேக்க மாட்டேன்." இவ்வளவு போதும். "ஆனாலும் நீ என்னை அப்படி வெளியே எடுத்திருக்கக் கூடாது" என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். பதில் வராது. வராவிட்டாலும் கேட்டிருப்பான்.

ஃப்ரீ ஃபயரை அவனுக்கே விட்டுவிடுங்கள். அதில் 50 பேர் வரை இறங்குவார்கள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், விரல் வேகம்தான் எல்லாம். அதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு நேரம் கிடையாது. நீங்கள் கற்றுக்கொள்வதற்குள் செத்திருப்பீர்கள், அவன் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். தவிர, அது நண்பர்களின் இடம். தெருக் கிரிக்கெட்டில் அப்பா போய் பேட்டைக் கேட்பது போலத்தான்.

மைன்கிராஃப்ட் பழக ஆரம்பித்திருக்கிறீர்களே, அது சரியான தேர்வு. தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ. அதில் அவசரம் இல்லை. ஜெயிப்பு, தோற்பு கிடையாது. மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், பயிர் வைக்கலாம், வீடு கட்டலாம். ஸ்வீடனில் ஒரு சின்னக் குழு செய்து 2011-இல் முழுமையாக வெளிவந்த ஆட்டம் அது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ரூமில் கேலி செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களிலும் ஊரில் பிள்ளை வைத்திருப்பவர் நாலு பேராவது இருப்பார்கள். இரண்டே மாதத்தில் உங்களிடம் ரகசியமாக வந்து, "அதை எப்படி இறக்குறது?" என்று கேட்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் தனியாகப் பழகாதீர்கள். நிறுத்திவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். என் மகன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். அவனுக்கு 12 வயதில் இந்த ஆட்டம்தான் பைத்தியம். நானும் உங்களைப் போலவே, அவனோடு பேச வழி தெரியாமல்தான் உட்கார்ந்தேன். குழந்தைகள் மனநல ஆலோசகர் வீட்டிலேயே இந்தக் கதி. முதல் நாள், ஒன்றும் தெரியாமல், நின்ற இடத்தில் நேர் கீழே தோண்டினேன். மைன்கிராஃப்ட்டில் யாரும் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். கீழே லாவா இருந்தது. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவன் எனக்கு ஆசிரியர். "அம்மா, படி மாதிரி சாய்வாத் தோண்டணும்", "அம்மா, ராத்திரி வெளியே நிக்காத", "பச்சையா ஒண்ணு சத்தமில்லாம வரும், அதுதான் க்ரீப்பர், பக்கத்துல வந்தா வெடிச்சிடும், ஓடு". வீட்டில் ஒரு பிள்ளைக்கு எல்லாம் தெரிந்து பெரியவருக்கு ஒன்றும் தெரியாத நேரம் எத்தனை வரும் சொல்லுங்கள். நீங்கள் ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போனால், அவன் உங்களுக்குத் தர வைத்திருப்பதை வாங்க மாட்டேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வேண்டுமென்றே தோற்கவும் வேண்டாம். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். என் தாத்தா கோயில் மண்டபத் தரையில் கோடு கிழித்து என்னோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். 3 புலி எனக்கு, 15 ஆடு அவருக்கு. நாலு தடவை ஆடினால் ஒரு தடவை வழிவிடுவார். ஏழு வயதிலேயே எனக்கு அது தெரியும், கோபமாக வரும். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. நீங்கள் நிஜமாகவே தோற்பீர்கள்.

அப்புறம் ஒரு நாள் எனக்கு நடந்தது. க்ரீப்பர் வெடித்து நான் செத்தேன். செத்தால் கையில் இருந்ததெல்லாம் அந்த இடத்தில் சிதறிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் போய் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். "வாம்மா, நான் வழி காட்டுறேன்" என்று அவன் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பஸ்ல ஒரு அண்ணன் தினமும் என் டிபன் பாக்ஸைப் புடுங்கித் தொறக்கிறான்" என்றான். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினையா?" என்று அதற்கு முன் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். இருபது தடவையும் "இல்ல" என்றவன் அவன்.

பதின்ம வயதில் பேச்சு எதிரெதிரே உட்கார்ந்தால் வராது. பக்கத்தில் இருந்தால் வரும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வரும், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வரும், வெங்காயம் உரிக்கும்போது வரும். கை வேறு வேலையில் இருக்க வேண்டும், கண் வேறு எங்கோ பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பாக்களுக்கு இதெல்லாம் தானாகக் கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு இருப்பது போட்டிம் வீடியோ அழைப்பு. முகத்துக்கு நேராக முகம், ஓடிக்கொண்டிருக்கும் நிமிடம், பின்னால் அம்மா நிற்கிறாள். அந்த நிலையில் "ம்" தவிர 13 வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? உங்கள் மகன் ஊமையாகிவிடவில்லை. அழைப்பின் அமைப்பு அப்படி. அந்தக் கட்ட உலகம் உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நிற்க ஓர் இடம் தருகிறது, அங்கே பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடிகிறது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற உங்களுக்கு அது சின்ன வசதி இல்லை.

அவன் ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பதுதான் அடுத்த பாடம். நான் அன்றைக்கு, "யார் அவன்? எந்தக் கிளாஸ்?" என்று எழுந்து நிற்கப் பார்த்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டேன். "ம்" என்றேன். நடந்துகொண்டே இருந்தேன். மீதியை அவனே சொன்னான். இந்த முறை அந்த "ம்" உங்கள் வாயிலிருந்து வரட்டும். பேருந்தில் அந்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. மூன்று நாள் கழித்து, அவனிடம் சொல்லிவிட்டே பள்ளியில் பேசினேன்.

இனி நடைமுறை. இருவரும் போனில் ஆடுவதாக இருந்தால் ஆளுக்கொரு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். மகனின் பிறந்த தேதியை உண்மையாகவே போடுங்கள். அப்போது மற்றவர்களோடு சேர்ந்து ஆட அவனுக்கு அனுமதி கொடுப்பது பெரியவர் கணக்கின் கையில் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் நடத்தும் சர்வர்கள் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். அவன் ஓர் உலகத்தைத் திறந்து வைத்தால், அதில் நீங்கள் நண்பராகச் சேரலாம். அவன் உலகத்தில் நீங்கள் விருந்தாளி. அது முக்கியம். நீங்கள் திறந்து அவனைக் கூப்பிட வேண்டாம். அந்த ஆட்டத்துக்குள் பேசும் வசதி கிடையாது, அதனால் போட்டிமில் குரல் அழைப்பை ஓடவிட்டுக்கொண்டு ஆடுங்கள். வீடியோ வேண்டாம். முகம் தெரியாமல் இருப்பதுதான் இங்கே உதவி.

நேரம் ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்குக் காலை 9.30 என்றால் அறந்தாங்கியில் 11 மணி. இரவில் வைக்காதீர்கள். உங்களுக்கு எட்டு மணிக்கு வேலை முடிந்து உட்காரும்போது அங்கே 9.30 ஆகியிருக்கும், அவன் தூங்கப் போகும் நேரம்.

எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரத்தைவிட நல்ல கணக்கு ஒன்று அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மைன்கிராஃப்ட்டில் ஒரு நாள் என்பது நம் 20 நிமிடம். அதில் பகல் மட்டும் 10 நிமிடம். இருட்டியதும் பேய், எலும்புக்கூடு எல்லாம் வெளியே வரும். கட்டிலில் படுத்தால் இரவு சட்டென்று கழிந்து விடிந்துவிடும். கட்டில் செய்ய ஒரே நிறக் கம்பளி மூன்று, பலகை மூன்று வேண்டும். கம்பளிக்கு ஆட்டைத் தேடிப் போக வேண்டும். இரண்டு பேர் ஓர் உலகத்தில் இருந்தால், ஒருவர் மட்டும் படுத்தால் விடியாது. இரண்டு பேரும் படுக்க வேண்டும். "அப்பா, படுப்பா, எங்கப்பா போய்ட்ட?" என்று அவன் உங்களைத் தேடிக் கூப்பிடுவான். 11 வருடத்தில் அவன் உங்களை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

மூன்று தடவை படுத்து மூன்று தடவை விடிந்தால், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மூணு விடியல்" என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாலாவது விடியல் கேட்பான், அதற்கு மறுப்பது உங்கள் வேலை. உங்கள் மனைவியின் வேலை இல்லை.

இப்போது அவரிடம் வருகிறேன்.

வீட்டில் தினமும் "வேண்டாம்" சொல்கிறவர் யார்? அவர். போனைப் பிடுங்குகிறவர், பள்ளியிலிருந்து கூப்பிட்டால் போய் நிற்கிறவர், காய்ச்சல் வந்தால் ஆட்டோ பிடிக்கிறவர், மாமியாரின் பேச்சையும் வாங்கிக்கொள்கிறவர். நீங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்து இறங்குவீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடும் இறங்கினால், கொண்டாட்டமெல்லாம் அப்பா, கண்டிப்பெல்லாம் அம்மா என்று ஆகிவிடும். அவர் அழுவது கேமைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மகனிடம் பேசும் முன் அவரிடம் பேசுங்கள். அனுமதி வாங்குவது போல வேண்டாம், யோசனை கேட்பது போல. "எந்த நேரம் வெச்சா உனக்குத் தோதுப்படும்?" என்று கேளுங்கள். அந்த அரை மணி, அவன் ஏற்கெனவே ஆடும் நேரத்துக்குள் அடங்க வேண்டும். கூடுதலாக வரக்கூடாது. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி நிம்மதி. கூடவே அவர் தலையில் இருக்கும் "வேண்டாம்"களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 9.30-க்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தினமும் நீங்கள் கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்காக அவன் உங்களை முறைப்பான். முறைக்கட்டும், பாரம் இரண்டு பேருக்கும் பிரியட்டும்.

அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. "இப்பவே வெச்சுட்டு வா" என்று பாதியில் பிடுங்கினால் அவன் கூட்டாளிகள் ஓர் ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள். அடுத்த நாள் அவனுக்குத் திட்டு. "இந்த மேட்ச் முடிஞ்சதும் வர்றேன்" என்று அவன் சொல்வது சாக்கு மாதிரித் தெரியும், ஆனால் பல நேரம் அது உண்மை. சோறு போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், "இதுதான் கடைசி மேட்ச்" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். மேட்ச் முடிந்தும் அடுத்ததைத் தொடங்கினால் அப்போது பிடுங்கலாம், அதற்கு அவனிடம் பதில் இருக்காது. அப்படியே, ஃப்ரீ ஃபயரில் 'வைரம்' (ஆட்டத்துக்குள் செல்லும் காசு) வாங்க நிஜப் பணம் போட்டு டாப் அப் செய்யும் ஆசை எல்லாப் பையன்களுக்கும் வரும். அம்மாவின் யுபிஐ பின் நம்பர் அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கே ஓர் ஆட்டம் சொல்கிறேன். கனடாவின் டொரோண்டோவில் ஒரு சின்னக் குழு செய்து 2023-இல் வெளிவந்தது 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. சமையல்தான் ஆட்டமே. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்கு எது முதலில் எது பின்னால் என்று நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டு அம்மாக்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, பிள்ளைகள் முழிப்பார்கள். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். வளர வளர மகன் அம்மாவின் பேச்சிலிருந்து நழுவிப் போவதும் அதில் வரும். கணினியில் ஆட வேண்டியது, அடுத்த லீவுக்கு வரும்போது ஏற்பாடு செய்யுங்கள். அம்மா சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் பட்டனை அழுத்தட்டும்.

உங்கள் அம்மா சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டாம். சித்திரை வெயிலில் திண்ணையில் யாரோடு தாயம் உருட்டினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்.

அடிமையாகிவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய நேரம் ஆடுவதை மட்டும் வைத்து மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் சார்ந்த கோளாறு இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போவது, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து நிற்பது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. பொதுவாக இது 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையை வெளிப்படையாகப் பாதித்திருக்க வேண்டும். கூட்டாளிகளோடு சிரித்துப் பேசி ஆடுவதும், கூப்பிட்டால் முறைத்துக்கொண்டே வந்து சாப்பிடுவதும் அதில் சேராது. உங்கள் மனைவியிடம் இதை மட்டும் கேளுங்கள். இரவு விழித்திருந்து ஆடுகிறானா? பள்ளிக்கு மட்டம் போடுகிறானா? வெளியே போய் ஆடுவது நின்றுவிட்டதா? பணம் எடுக்கிறானா? போனை வாங்கினால் பொருளைத் தூக்கி எறிகிறானா, கையை ஓங்குகிறானா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே பேசிப் பார்ப்பது நல்லது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் தேசிய மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அப்படி ஒரு நிலை இருந்தால் நீங்கள் சேர்ந்து ஆடுவதால் அது தீராது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அப்படி இல்லை என்றால், வாரத்துக்கு அரை மணி அப்பாவோடு ஆடி ஒரு பையன் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறே பேசிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் "இடது பக்கம் வா", "அதைத் தொடாத", "ஐயோ அப்பா" இவ்வளவுதான் வரும். அது போதும். அந்த அரை மணிக்குள் படிப்பு, மார்க், டியூஷன், தாத்தா வீட்டுக்குப் போனியா, எதுவும் கேட்கக் கூடாது. வேண்டுமானால் அதையெல்லாம் புதன்கிழமை அழைப்பில் கேளுங்கள், அதற்கு "ம்" வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகனைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி, "மகளும் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு." முடிந்தது.

அவள் உங்களோடு நன்றாகப் பேசுகிறாள் போலிருக்கிறது. பேசுகிற பிள்ளையைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் பாருங்கள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வீடியோ கேம் ஆடுவதைப் பற்றியது, 11 முதல் 16 வயது வரை 287 பிள்ளைகள். பெற்றோரோடு சேர்ந்து ஆடிய பெண் பிள்ளைகள் நடத்தையிலும் மனநலத்திலும் மேலாக இருந்தார்கள். வயதுக்கேற்ற ஆட்டமாக இருந்தால் குடும்பத்தோடு ஒட்டுதலும் கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பையன்கள் நண்பர்களோடு ஆடும் நேரம் அதிகம், அதில் பெற்றோரோடு ஆடும் கொஞ்சம் கரைந்துபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஒரே ஓர் ஆய்வு, அதுவும் சேர்ந்து ஆடியதால்தான் அப்படி ஆனார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே நெருக்கமான குடும்பங்கள்தான் சேர்ந்து ஆடுகின்றனவோ என்னவோ. மகனோடு ஆடுவதை இதற்காக விட்டுவிடாதீர்கள், என் மகன் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் 11 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அண்ணன் கையில் போன், அம்மா கையில் போன், அவள் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு ஒரு சித்திரம் வருகிறது. சரிதானா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு 11 மணிக்கு அம்மாவின் போனை அவளுக்கு அந்த அரை மணி கொடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அப்பாவும் மகனும் மட்டும், அது அவனுக்கான மரியாதை. மூன்றாவது வாரம் அவனிடமே, "பாப்பாவையும் சேத்துக்கலாமா?" என்று கேளுங்கள். முனகுவான், சேர்ப்பான். உங்களைச் சேர்த்தவன்தானே.

அப்போது கட்டில் மூன்று வேண்டும். ஒன்பது கம்பளி, ஒன்பது பலகை. மூன்று பேரும் படுத்தால்தான் விடியும். ஆடு தேடும் வேலையை அவளுக்குக் கொடுங்கள்.